பந்தில்லாமல் சுட்ட மார்க்கர்

கதவு சாத்திய சத்தம் கேட்டபோது காற்றாக இருக்கும் என்றுதான் நுஃமான் நினைத்தான். ஒரு கன்டெய்னரின் இரும்புக் கதவைச் சாத்தும் அளவுக்குத் தெலுக் பங்லிமா காராங் ஊரில் என்றைக்குக் காற்று அடித்தது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள், வெளியே தாழ்ப்பாள் கம்பி இறங்கி 'டங்' என்று உட்கார்ந்தது.

“கிஷன் அண்ணே!” என்று கத்தினான். “உள்ள ஆள் இருக்கோம்லா!”

வெளியே சரளைக்கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது. அது கதவை நோக்கி வரவில்லை. நிதானமாக விலகிப் போனது.

“தொண்டையைக் கெடுத்துக்காத,” என்றாள் சிவமலர். “நாம உள்ள இருக்கோம்னு அவருக்குத் தெரியும். அவர்தானே கதவைத் திறந்து விட்டாரு.”

சிவமலர் பாதி ஆயுசை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் கண்டுபிடிப்பதில் செலவழித்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறவள். நுஃமான் அவளுடைய உதவியாளன், டிரைவர், சிரிப்பு இலாகா எல்லாம். கிள்ளானில் அவன் வாப்பா முத்து முகம்மதுவுக்குத் துணிக்கடை உண்டு. சேலை வாங்க வந்தவர்களிடம் “இந்தக் கலர் உங்களுக்கு வேணாம் ஆன்டி” என்று உண்மையைச் சொல்லிச் சொல்லியே அங்கிருந்து துரத்தப்பட்டவன்.

இப்போது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கன்டெய்னரின் மேல்மூலையில் கையகலக் காற்றுத் துவாரம் ஒன்று இருந்தது. வெளிச்சம் அது வழியாக வந்தது, காற்று வரவில்லை. மூலையில் கம்ப்ரஸர் ஒன்று சற்று முன்புவரை ஓடிய சூட்டோடு உட்கார்ந்திருந்தது. மத்தியான வெயில் தகரக் கூரையைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தது. போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

“அக்கா, காருல ரெண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு இருக்கு. நாம இங்க ஸ்டீம் ஆகுறோம்.”

“பேசாம மூச்சு விடு.”

அவர்கள் அங்கே வந்த காரணம் இதுதான். போன வாரம் பண்டமாரானில் இருக்கும் ஒரு சரக்குக் கம்பெனி தன் ஆட்களை இந்தக் கன்டெய்னர் நிற்கும் களத்துக்குப் பெயிண்ட்பால் விளையாடக் கூட்டி வந்தது. சாயம் நிரம்பிய பந்துகளைக் காற்றழுத்தத்தில் சுடும் விளையாட்டு. பட்டால் சட்டையில் சாயம் தெறிக்கும், கொஞ்சம் வலிக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். விமலன் என்கிற கிளார்க்குக்கு அப்படி முடியவில்லை. பலகை மறைவிலிருந்து எழுந்தவன் முகத்தில், கிட்டத்திலிருந்து சரம் சரமாகப் பந்துகள் பாய்ந்தன. முகமூடி கழன்றுபோய், வலது கண் போய்விட்டது.

வாடகைக்குக் கொடுக்கும் மார்க்கர் ஒரு இழுப்புக்கு ஒரு பந்துதான் சுட வேண்டும். மார்க்கர் என்பது இவர்கள் துப்பாக்கிக்கு வைத்திருக்கும் பெயர். அன்று சோதித்தபோது ஒன்று மட்டும் ஃபுல் ஆட்டோவில் இருந்தது. விசையைப் பிடித்தால் விடும்வரை சுடும். அந்த எலெக்ட்ரானிக் செட்டிங் எல்லாவற்றுக்கும் பொறுப்பு சுரேகா. அன்று முகமூடியோடு களத்துக்குள் மேற்பார்வைக்கு நடந்துகொண்டிருந்தவளும் அவளே. விமலனோடு அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்து முறிந்தது விபத்துக்குப் பிறகுதான் எல்லாருக்கும் திடீரென்று ஞாபகம் வந்தது. இன்ஸ்பெக்டர் ரொஸ்னா இன்று சாயங்காலம் வந்து மார்க்கரை எடுத்துக்கொண்டு, சுரேகாவையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லி, களத்தின் முதலாளி பரமேஸ்வரனே பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியேறி வந்திருந்தார். “சுரேகா என் பொண்ணு மாதிரி. எப்படியாச்சும் காப்பாத்துங்க” என்று அவர் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. விபத்து நடந்த அன்று அவர் கிள்ளானில் அக்கா மகள் நிச்சயதார்த்தத்தில் இருந்தாராம். “நான் இங்க இருந்திருந்தா இது நடந்திருக்குமா?” என்று கேட்டுக் கேட்டு மூக்கைச் சிந்தினார். மார்க்கரைப் பார்க்க இன்று வரச் சொன்னதும், மேனேஜர் கிஷன் திறந்து விடுவார் என்று சொன்னதும் அவர்தான்.

கண் இருட்டுக்குப் பழகியதும் நுஃமான் மேஜையைப் பார்த்தான். அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. போலீஸ் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று பரமேஸ்வரனும் சுரேகாவும் கையெழுத்துப் போட்டு ஒட்டிய சிவப்பு டேப் அதன்மேல் இருந்தது. பெட்டிக்கு வெளியே, காற்று பாட்டிலோடு, ஆள் எடுத்து விளையாடத் தயார் என்பதுபோல மார்க்கர் கிடந்தது.

“இதுக்குத்தானே வந்தோம்,” என்று எடுத்தான்.

“வைடா அதை!”

சிவமலர் கத்துவதற்கும் அவன் கட்டைவிரல் பின்பக்கப் பொத்தானை அழுத்துவதற்கும் சரியாக இருந்தது. சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கத் தொடங்கியது. திடுக்கிட்டதில் விசையையும் இழுத்துவிட்டான். டர்ர்ர்ர் என்று அந்த இரும்பறை முழுக்க அதிர்ந்தது. பந்து ஒன்றும் வரவில்லை, வெறும் காற்றுதான். ஆனாலும் நுஃமான் மார்க்கரை மேஜையில் போட்டுவிட்டுக் கம்ப்ரஸர்மேல் சாய்ந்து, சூடு பட்டு, மறுபடி துள்ளினான்.

“சொன்னாக் கேக்கமாட்ட,” என்றாள் சிவமலர். கோபத்தைவிடக் கவலைதான் அந்தக் குரலில் இருந்தது. “டேப்பைப் பாரு.”

டேப் பிளேடால் நேராக அறுக்கப்பட்டிருந்தது. மார்க்கரின் கைப்பிடி மூடி ஒருபக்கம் கழற்றப்பட்டு, உள்ளே பச்சை நிற சர்க்யூட் போர்டு தெரிந்தது. அந்தத் திருகுகளைக் கழற்றும் சின்னச் சாவி பக்கத்திலேயே பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.

“அக்கா, நான் டேப்பை அறுக்கல.”

“எனக்குத் தெரியும். கதவைத் திறந்து பாக்கறவங்களுக்கு?”

நேற்றுதான் சுரேகா தன் சொந்த மார்க்கர் ஒன்றை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து செட்டிங் மாற்றும் விதத்தை அவர்களுக்குக் காட்டினாள். கைப்பிடியைக் கழற்றி, போர்டில் இருக்கும் பொத்தானை அழுத்தி, விசையைப் பிடித்தபடி ஆன் செய்தால் விளக்கு நிறம் மாறும். ஒரு நிறம் சுடும் முறைக்கு, ஒன்று வேகத்துக்கு, ஒன்று சென்சாருக்கு. எத்தனை தடவை விசையை இழுக்கிறோமோ அதுதான் புது அளவு. பழகினவன் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான். சுரேகாவுக்காக வந்த துப்பறிவாளர்கள் டேப்பை அறுத்து, மூடியைக் கழற்றி, மார்க்கரோடு உள்ளே உட்கார்ந்திருந்தால் இன்ஸ்பெக்டர் வேறு என்ன நினைப்பார்?

“நம்மளைக் கொல்ல யாரும் கதவைச் சாத்தல,” என்றாள் சிவமலர். “நம்மளை வச்சு அவளை முடிக்கச் சாத்தியிருக்காங்க. இனிமே இந்த மார்க்கர் என்ன உண்மையைச் சொன்னாலும், அது நாம மாத்தி வச்சதுன்னு ஆயிடும்.”

“நான் வேற கைரேகையைப் பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டேன்.” அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டை முதுகோடு ஒட்டியது. அவன் பயந்தது சுரேகாவுக்காக. கதவைப் பற்றிய பயம்கூட இல்லை. சுரேகா நேற்றுக் கிளம்பும்போது, “உள்ள போனா என்ன துணி கொண்டு போகலாம் அண்ணே?” என்று அவனிடம் தனியாகக் கேட்டிருந்தாள். அவன் ஏதோ ஜோக் அடித்துச் சமாளித்தான். என்ன ஜோக் என்பதுகூட இப்போது நினைவில்லை. தன் ஒரு விரலால் அவளை உள்ளே தள்ளிவிட்டோமே என்று அழுகை வந்தது.

சிவமலர் மார்க்கரைத் தொடாமல் குனிந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நுஃமான், பந்து இல்லாம இது ஏன் சுட்டுச்சு?”

“என்னைப் பயமுறுத்த.”

“சுரேகா என்ன சொன்னா? ஞாபகப்படுத்து.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். மார்க்கரின் தொண்டையில் எதிரும் புதிருமாக இரண்டு குட்டி சென்சார்கள். மேலே இருக்கும் டப்பாவிலிருந்து பந்து முழுசாக உள்ளே விழுந்தால்தான் அவை சம்மதம் கொடுக்கும். அப்புறம்தான் உள்ளே பந்தைத் தள்ளும் உருளை, சுரேகா சொன்ன பேர் உலக்கை, முன்னால் பாயும். பந்து இல்லையென்றால் சுடாது. “நேத்து அவ மார்க்கர்ல நான் பந்து இல்லாம அழுத்தி அழுத்திப் பாத்தேன். சுடல. நான்தான் ரிப்பேர் ஆக்கிட்டேன்னு நினைச்சேன்.”

“அது பச்சை விளக்கு. இது?”

“சிவப்பு. பச்சைன்னா சென்சார் ஆன், சிவப்புன்னா ஆஃப்னு சொன்னா. யாரோ ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க.” அவன் எழுந்துவிட்டான். “இதுல ஒரு தடவை ஆஃப் பண்ணா, திரும்ப நாமதான் ஆன் பண்ணணும்னு சொன்னா. ஆனா அக்கா, சென்சார் இல்லாம இந்த வேகத்துல சுட்டா பந்து பாதி விழும்போதே உலக்கை வந்து வெட்டிடுமே. உள்ள பூரா சாயக்கஞ்சி ஆயிடும்னு சொன்னாளே!”

“அப்ப உள்ள பாத்தா தெரிஞ்சிடும்.”

“பாக்கலாமா?” என்று கையை நீட்டியவன், அவள் பார்த்த பார்வையில் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டான். “பாத்தா, நாம கழுவிட்டோம்னு சொல்லுவாங்க. சரி. எந்தப் பக்கம் போனாலும் கதவு.”

வெளியே தூரத்தில் லோரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அதுவும் இல்லை. சிவமலர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இரண்டு எட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். அதற்குமேல் நடக்க அங்கே இடமில்லை.

“இந்த மார்க்கரை விட்டுடு,” என்றாள் கடைசியில். “நாம தொடாத சாட்சி ஒண்ணு இருக்கு. விபத்து அன்னிக்கே கிஷன் போலீசுக்கு அனுப்புன வீடியோ. சுரேகா உனக்கு அனுப்பியிருந்தாளே?”

நுஃமான் போனைத் தடவினான். சிக்னல் இல்லாவிட்டாலும் வீடியோ உள்ளே இருந்தது. இருவரும் தலையோடு தலை முட்டி அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள்.

பட்டப்பகல். களத்தின் ஓரத்து மேஜை. பின்னணியில் ஆட்களின் கூச்சல். சுருட்டிவிட்ட முழுக்கைச் சட்டையில் இரண்டு கைகள் இதே மார்க்கரைப் பிடித்திருக்கின்றன. முகம் தெரியவில்லை. கிஷனின் குரல் மூச்சு வாங்குகிறது: “பாருங்க சார், ஃபுல் ஆட்டோ.” பந்து டப்பா கழற்றப்பட்ட மார்க்கர் டர்ர்ர்ர் என்று காற்றைச் சுடுகிறது. “மெஷின்ல ஃபால்ட் இல்ல சார். உள்ள பாருங்க, சுத்தமா இருக்கு. செட்டிங்தான் மாத்தியிருக்காங்க.” கைகள் காற்று பாட்டிலைக் கழற்றி, உலக்கையை ஒரே இழுப்பில் உருவி, கேமராவுக்கு நேராகக் காட்டுகின்றன. சாயப் பொட்டு ஒன்றுகூட இல்லை. வலது கை அந்த உலக்கையை அனிச்சையாக இடது அக்குளில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்து, திரும்ப உள்ளே தள்ளுகிறது. வீடியோ முடிந்தது.

“ஐயே, அக்குள்ல,” என்றான் நுஃமான்.

“மறுபடி போடு.”

மறுபடி போட்டான். இந்தத் தடவை அவனே நிறுத்தினான். “அக்கா, பந்து இல்லாம சுடுது. அன்னிக்கே சென்சார் ஆஃப்ல இருந்திருக்கு. ஆனா உள்ள பளபளன்னு இருக்கு. அத்தனை கஞ்சியை அந்த அவசரத்துல யாரும் கழுவியிருக்க முடியாது. அப்படின்னா இந்த மார்க்கர் விமலனைச் சுடவே இல்ல! சுட்டது வேற ஒண்ணு. அதுக்கப்புறம் இதை எடுத்து அவசரமா ஃபுல் ஆட்டோவுக்கு மாத்தி, வேலை செய்யுதான்னு பந்து இல்லாம சோதிக்க சென்சாரையும் ஆஃப் பண்ணியிருக்காங்க.”

“திரும்ப ஆன் பண்ண மறந்துட்டாங்க. போட்டி ஆடறவங்க வீட்ல உக்காந்து மார்க்கரை நோண்டும்போது அப்படித்தான் செய்வாங்கன்னு சுரேகா சொன்னா. கைப்பழக்கம். வாடகை மார்க்கரை மட்டும் தொடுறவங்களுக்கு அது வராது.”

“அப்ப கிஷனா? அவரு விசிட்டிங் கார்டைக்கூட ரெண்டு விரல்ல பயந்து பயந்து எடுக்கிற ஆளு.”

“வீடியோவுல எத்தனை கை?”

“ரெண்டு.”

“ரெண்டும் மார்க்கர்ல இருக்கு. குரல் கிஷனோடது, போனுக்குப் பக்கத்துலேர்ந்து வருது. போனைப் பிடிச்சது அவரு. அப்ப இந்தக் கை யாரோடது? சுரேகா அந்நேரம் விமலனோட ஆம்புலன்ஸ்ல போயிட்டா. இந்தக் களத்துல போட்டி ஆடிப் பழகின ஆள் வேற யாரு?”

நுஃமானின் மனதில் முன்னறை வந்து நின்றது. வரவேற்பு மேஜைக்கு மேலே வரிசையாகப் போட்டிக் கோப்பைகள். அவற்றின் நடுவே ஒரு புகைப்படத்தில் மார்க்கரைக் குழந்தைபோல ஏந்தியபடி, தொப்பை இல்லாத காலத்துப் பரமேஸ்வரன்.

“கிள்ளான்ல நிச்சயதார்த்தம்னாரே?” என்றான் மெதுவாக. “அக்கா, நம்மளை வேலைக்கு வச்சதே அவருதானே. நம்ம கஸ்டமர்லா!”

“மாடியேறி வந்து அழுதப்பவே நான் கேட்டிருக்கணும். வேலை பாக்கற பொண்ணுக்காகத் துப்பறியற ஆளை அமர்த்தற அளவுக்கு நல்ல முதலாளி, வக்கீல் ஒருத்தரைப் பிடிக்கலையேன்னு. அவருக்கு வேண்டியது உண்மை இல்ல. இந்தப் பெட்டிக்குள்ள உக்கார ரெண்டு பேர்.” சிவமலர் பல்லைக் கடித்தாள். ஏமாந்துவிட்டோம் என்ற ஆத்திரம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“வீடியோவுல முகம் இல்லையே. ‘என் கை இல்ல’ன்னு சொன்னா முடிஞ்சது.”

துவாரத்து வெளிச்சம் சாயங்கால மஞ்சளாகியிருந்தது. வெளியே கார் ஒன்று வந்து நின்றது. செருப்புச் சத்தம், பூட்ஸ் சத்தம், பரமேஸ்வரனின் குரல். தாழ்ப்பாள் தூக்கப்பட்டது. வெளிச்சம் முகத்தில் அறைந்தாற்போல உள்ளே விழுந்தது.

“ஐயோ! என்ன பண்ணிட்டீங்க!” பரமேஸ்வரன் தலையில் கைவைத்துக்கொண்டார். “நம்பி வரச் சொன்னேனே! டேப்பை அறுத்து, போர்டையே திறந்துட்டாங்களே மேடம்!”

இன்ஸ்பெக்டர் ரொஸ்னா அறுந்த டேப்பையும் கழன்ற மூடியையும் வியர்வையில் குளித்திருந்த இருவரையும் பார்த்தார். “யார் தொட்டது?” என்று மலாயில் கேட்டார்.

“நான்தான்,” என்றான் நுஃமான். பொய் சொல்ல அவனுக்கு வலுவில்லை.

“மேடம், ஒரே ஒரு வேண்டுகோள்,” என்றாள் சிவமலர், அதே மலாயில், பணிவாக. “நாங்கள் உள்ளே எதையாவது கழுவினோமா என்று உங்கள் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். உலக்கையை உருவச் சொல்லுங்கள். மேனேஜர் உருவட்டும்.”

இன்ஸ்பெக்டர் கையுறை ஒன்றைக் கிஷனிடம் நீட்டினார். கிஷன் முன்னால் வந்தார். மார்க்கரை வாங்கி, எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் குழாயைத் தன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி, பின்னால் இருந்த குமிழை இழுத்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முக்கினார்.

“காத்து இருக்கும்போது இழுக்கிறியே, அறிவிருக்கா?” பரமேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. மார்க்கரைப் பிடுங்கினார். பாட்டிலைச் சுழற்றிக் கழற்றினார், மிச்சக் காற்றைத் தரையைப் பார்த்து விட்டார், உலக்கையை ஒரே இழுப்பில் உருவினார். அது வெயிலில் பளபளத்தது. அவர் வலது கை அதை இடது அக்குளில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டியது.

நுஃமான் சிவமலரின் முழங்கையை இடித்தான்.

“நன்றி பாஸ்,” என்றாள் சிவமலர். “மேடம், விபத்து அன்றைக்கு உங்களுக்கு வந்த வீடியோவை இப்போது ஒருமுறை போட்டுப் பாருங்கள். போனைப் பிடித்தது மேனேஜர். அதில் வரும் கைகள் யாருடையவை, அந்தப் பகல் நேரத்தில் பாஸ் எங்கே இருந்ததாக உங்களிடம் எழுதிக் கொடுத்தார் என்பதை மட்டும் பாருங்கள். மிச்சத்தை நான் அப்புறம் சொல்கிறேன்.”

ரொஸ்னா போனை எடுத்தார். டர்ர்ர்ர் சத்தம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டது. அவர் ஒருமுறை திரையையும் ஒருமுறை பரமேஸ்வரனின் அக்குளையும் பார்த்தார். பரமேஸ்வரன் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

“நிறைய பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு,” என்றார்.

“எனக்கு இல்ல பாஸ்,” என்றார் கிஷன். தலை குனிந்திருந்தது. “மேடம், கை அவரோடதுதான். விளையாட்டுல ஒரு ஆள் குறைஞ்சுதுன்னு அவரே மாஸ்க் போட்டு அவரு மார்க்கரோட இறங்கினாரு. கம்பெனிக்காரங்களுக்கு அது எவ்ளோ வேகம்னு காட்டுறேன்னாரு. விமலன் முகத்துல பட்டது அதுதான். இன்னிக்குக் கதவைச் சாத்தச் சொன்னதும் அவர்தான். வேலை போயிடும்னு பயந்துட்டேன்.”

பரமேஸ்வரன் வாசலைப் பார்த்தார். வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். கம்ப்ரஸருக்கும் மேஜைக்கும் நடுவே, சற்று முன் நுஃமான் உட்கார்ந்து அழுத அதே இடத்தில், அவர் மெல்ல உட்கார்ந்தார்.

நுஃமான் ஓடினான். போலீஸ் காரின் பின் சீட்டில் சுரேகா இருந்தாள், மடியில் ஒரு துணிப்பையோடு. மூச்சு வாங்கச் சொல்லி முடித்தான். அவள் அழுவாள், சிரிப்பாள், தன்னைக் கட்டிப் பிடித்தாலும் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தான்.

“விமலனோட அம்மாவுக்கு யாரு சொல்றது?” என்று கேட்டாள் அவள்.

விமலனின் அம்மா அமுதவள்ளி, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் அவளை அறைந்ததை நுஃமான் கேள்விப்பட்டிருந்தான். “இன்ஸ்பெக்டர் சொல்லுவாங்க. நீ இரு.”

சுரேகா ஏற்கெனவே போனை எடுத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுத்தார்கள் போலிருக்கிறது, அவள் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினாள்.

“ஆன்டி, நான் சுரேகா பேசறேன். போனை வச்சிடாதீங்க ஆன்டி.”